டாரஸ், காமெட், புல்லட்: வடசென்னை வண்டிகளின் பெயர்க்கதை

தமிழ்ச் செய்தித்தாள்களில் 'டாரஸ் லாரி' என்ற சொல் வராத வாரம் குறைவு. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டம் வழியே கேரளத்துக்குப் போகும் பெரிய லாரிகளைப் பற்றி எழுதும்போது நிருபர்கள் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். எந்தக் கம்பெனி வண்டி என்று யாரும் பார்ப்பதில்லை. டாடாவாக இருக்கட்டும், பாரத்பென்ஸாக இருக்கட்டும், பின்னால் வரிசையாகச் சக்கரமும் மேலே உயரமான தொட்டியும் இருந்தால் அது டாரஸ். கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

டாரஸ் என்பது எண்ணூர்க்காரர்கள் வைத்த பெயர். எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் தன் பல அச்சுக் கனரக லாரிக்குச் சூட்டிய மாடல் பெயர். லத்தீனில் அதற்குக் காளை என்று பொருள். மேற்கத்திய ராசிச் சக்கரத்தில் இரண்டாவது ராசி அதுதான், நம் ஜோதிடர் சொல்லும் ரிஷபம். லாரி ஓட்டுகிறவருக்கும் அதன் முன்னால் மறியல் செய்கிறவருக்கும் இந்த லத்தீன் தேவைப்படவில்லை. ஆனாலும் சொல் தெளிவாக இருக்கிறது, தமிழில் ஒரு பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. ஒரு தொழிற்சாலை தன் சரக்குக்கு வைத்த பெயர் எப்படி ஒரு மொழியின் சொல்லாகிறது என்று யோசித்தபோதுதான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான இந்தக் கடலோரத்தில் பிறந்த வண்டிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன். பெயர் வைத்தவர் மனத்தில் ஒரு பொருள் இருந்தது; சாலை அதற்கு வேறொரு பொருள் கொடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் எனக்கு ஆர்வமூட்டுகிறது.

முதலில் அசோக். 1948 செப்டம்பர் 7 அன்று தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு அந்தப் பெயர் பேரரசர் அசோகரால் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நினைப்பதும் இயல்பு. ஓராண்டுக்கு முன்புதான் அசோகச் சக்கரம் தேசியக் கொடியின் நடுவில் ஏறியிருந்தது. உண்மை வேறு. நிறுவனர் ரகுநந்தன் சரண், பஞ்சாபைச் சேர்ந்த விடுதலைப் போராட்டக்காரர். நவீனத் தொழில் ஒன்றில் இறங்கும்படி அவரைத் தூண்டியவர் நேரு. சரண் தன் மகனின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். மகன் பெயர் அசோக்.

சொல்லின் வேர் 'அ-சோக', அதாவது துயரமற்றது. பழந்தமிழில் பிண்டி என்ற மரத்துக்கும் அதே பெயர்: அசோகு. சீதை அழுதுகொண்டிருந்த இடத்துக்கு அசோகவனம் என்று பெயர் அமைந்ததை நினைத்தால், பெயருக்கும் பொருளுக்கும் உள்ள பிணக்கு நமக்கு ஒன்றும் புதிதல்ல.

லேலண்ட் அதன் பின்னால் வந்து சேர்ந்தது. சரண் விமான விபத்தில் இறந்துபோனார். பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ் பங்குதாரராக வந்தது, 1955இல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. லேலண்ட் என்பது ஆள் பெயரல்ல, ஊர்ப்பெயர். லங்காஷையரில் இருக்கும் சிற்றூர். அங்கே 1896இல் லங்காஷையர் நீராவி மோட்டார் கம்பெனி என்று தொடங்கியவர்கள், 1907இல் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொண்டார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த ஊர்ப்பெயருக்கு உழாமல் போட்ட நிலம் என்று பொருள். தரிசு. ஆக, அசோக் லேலண்டைச் சொல் சொல்லாகப் பிரித்தால் 'துயரமற்ற தரிசு நிலம்'. லாரிகளின் நெற்றியில் இத்தனை ஆண்டுகளாக இதைத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணூரில் முதலில் பூட்டப்பட்டது லாரி அல்ல, கார். ஆஸ்டின் ஏ40. 1949இல் வெளியே வந்தது. ஆஸ்டின் என்பது ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவரின் குடும்பப் பெயர். ஏ40இல் உள்ள 40, எஞ்சினின் குதிரைத்திறனை ஒட்டியது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. இங்கிலாந்தில் அதன் நான்கு கதவு வண்டிக்கு டெவன் என்றும் இரண்டு கதவு வண்டிக்கு டார்செட் என்றும் பெயர். அடுத்து வந்தது சாமர்செட். எல்லாம் தென்மேற்கு இங்கிலாந்தின் மாவட்டங்கள். நம் ஊரில் ஒரு காருக்குத் தஞ்சாவூர் என்றும் அடுத்ததற்கு ராமநாதபுரம் என்றும் வைத்ததைப்போல. போர் முடிந்து களைத்திருந்த பிரிட்டன் தன் கிராமப்புறத்தின் பெயர்களை இப்படிக் கப்பலேற்றி அனுப்பியது. அவற்றைப் பிரித்துப் பூட்டிய எண்ணூர்த் தொழிலாளி டெவனைப் பார்த்ததில்லை, வாங்கியவரும் பார்த்ததில்லை. அந்தப் பெயர் இங்கே வேர்விடவில்லை. நான் கேட்ட பெரியவர்கள் எல்லாரும் 'ஆஸ்டின்' என்றே சொல்கிறார்கள்.

லாரிப் பெயர்களின் கதை இதற்கு நேர்மாறு. லேலண்ட் கம்பெனி 1920களில் தன் வண்டிகளுக்கு விலங்குப் பெயர் வைக்கத் தொடங்கியது. 1925இல் வந்த பஸ்களில் சிங்கமும் சிறுத்தையும் இருந்தன. 1927இல் ராக்கம் என்ற பொறியாளர் வடிவமைத்த ஒற்றை மாடி பஸ் டைகர், இரட்டை மாடி பஸ் டைட்டன். லாரிகளுக்கு நீரில் அணை கட்டி வாழும் பீவர், நீர்யானையின் சுருக்கமான ஹிப்போ, காளை, காட்டெருமை, காண்டாமிருகம். எட்டுச் சக்கர லாரிக்கு ஆக்டோபஸ் என்று வைத்தார்கள். எட்டுக் கால் எட்டுச் சக்கரம் என்ற கணக்கு. பாரம் இழுப்பது, நீரில் சேற்றில் நடப்பது, மடக்கித் திரும்புவது என்று ஒவ்வொரு வண்டியின் குணத்துக்கும் ஒரு விலங்கைத் தேடியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு நம் கோயில் வாகன மண்டபங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. யாளி, யானை, குதிரை, ரிஷபம், அன்னம் என்று துணி போர்த்தி வரிசையாக நிறுத்தியிருப்பார்களே, அது. வாகனம் என்ற சொல்லையே நாம் அங்கிருந்துதான் எடுத்து மோட்டாருக்குக் கொடுத்தோம்.

எண்ணூர் இந்த மரபைத் தொடர்ந்தது. ஹிப்போ வந்தது, சீட்டா வந்தது, ராணுவத்துக்கு ஸ்டாலியன் என்ற பொலிகுதிரை போனது. டாரஸ் அந்தத் தொழுவத்தில் ஒன்று. லங்காஷையரில் வெறும் ஆங்கிலத்தில் 'புல்' என்று சொன்னதை எண்ணூர் லத்தீனில் சொன்னது, அவ்வளவுதான். ஏன் இந்தப் பெயர் மட்டும் பொதுச்சொல்லாகியது? என் கணிப்பு இது: ஆறு சக்கர லாரியே லாரி என்றிருந்த காலத்தில் அதைவிடப் பெரிய ஒன்று சாலைக்கு வந்தது. அதைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லை. 'பத்து வீல்', 'பன்னெண்டு வீல்' என்று டிரைவர்கள் எண்ணிக்கையில் சொன்னார்கள். வண்டிக்கு வெளியே நிற்கிறவருக்குச் சக்கரத்தை எண்ண நேரமில்லை. நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்தார். காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது பெயர்.

விலங்குகளுக்கு மேலே வானம். எண்ணூரின் தொடக்ககால லாரி காமெட், அதாவது வால்நட்சத்திரம். லங்காஷையர் 1947இல் வைத்த பெயர். வால்நட்சத்திரம் தெரிந்தால் நாட்டுக்குக் கேடு என்பது நம் நம்பிக்கை. அதே பெயர் கொண்ட லாரி பல பத்தாண்டுகள் நெல்லும் சிமெண்டும் உரமும் சுமந்தது, யாரும் குறை சொன்னதில்லை. பின்னாளில் சூழலைக் காப்பது பேச்சாக மாறியபோது அதே பெயரின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து 'ஈகாமெட்' என்று ஆக்கினார்கள். டைட்டன் 1967இல் எண்ணூர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. கிரேக்கப் புராணத்தில் ஒலிம்பஸ் தெய்வங்களுக்கு முந்திய பூதாகாரமான தெய்வங்கள் டைட்டன்கள். சென்னைவாசிக்கு அது 'டபுள் டெக்கர்'. மாடிப்படி ஏறி முன்சீட்டைப் பிடிக்க ஓடிய பிள்ளைகளுக்குக் கிரேக்கம் எதற்கு? அந்த வண்டியை ஓட்டிய கழகத்துக்கும் ஒரு பழம்பெருமைப் பெயர் இருந்தது: 1972இல் பிறந்த பல்லவன். 'பல்லவன் வருது' என்றால் பஸ் வருகிறது என்று பொருள். மாமல்லபுரத்தைச் செதுக்கிய குலத்தின் பெயர் ஒரு தலைமுறைக்குச் சிவப்பு பஸ்ஸாகவே இருந்தது.

தெற்கே சில கிலோமீட்டர் வந்தால் திருவொற்றியூர். தியாகராஜரின் ஊர், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். 1946இல் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வந்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியும் இங்கேதான். நகரம் 1996இல் சென்னை ஆகிவிட்டது, எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்துக்குள் மெட்ராஸ் இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்த ஊர் உலகுக்குக் கொடுத்த பெரிய பெயர் புல்லட்.

புல்லட்டின் வேரைத் தேடினால் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போகவேண்டும். லண்டனுக்கு வடக்கே மிடில்செக்ஸில் என்ஃபீல்டு என்ற ஊர். அங்கே பிரிட்டிஷ் அரசின் ஆயுதச்சாலை. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி அங்கிருந்துதான் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வந்தது. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியது என்று சிப்பாய்கள் வாயில் வைக்க மறுத்த தோட்டா அந்தத் துப்பாக்கியின் தோட்டாதான். 1857 எழுச்சிக்குத் தீமூட்டிய பெயர் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு திருவொற்றியூரில் பலகையில் ஏறியது. இடையில் நடந்தது இது: ரெட்டிச்சில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் 1890களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு ஆயுதச்சாலைக்கு நுட்பமான துப்பாக்கிப் பாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் பெற்றார்கள். அந்த மகிழ்ச்சியில் தங்கள் சைக்கிளுக்கு என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள், அடுத்து முன்னால் ராயல் சேர்ந்தது. 'துப்பாக்கியைப்போலச் செய்யப்பட்டது' என்பது விளம்பர வாசகம், பீரங்கி அடையாளச் சின்னம். 1932இல் புதிய மோட்டார்சைக்கிளுக்குப் பெயர் தேடியபோது, துப்பாக்கியிலிருந்து புறப்படுவது எதுவோ அதையே வைத்தார்கள்.

இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகம் செய்யும் கருவிகளே கப்பலேறி வந்தன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது, 1970இல் இங்கிலாந்தில் எல்லாமே நின்றது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. கொடுத்தவனிடமே திரும்பிப் போன பெயர் அது. இதை எழுதும்போது எனக்குள் ஒரு பெருமிதம் வருவதை மறைக்க விரும்பவில்லை. இறக்குமதியான ஒரு பெயரைக் காப்பாற்றியது அந்தத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்த வடசென்னைக்காரர்களின் கை.

பொருளுக்கு வருவோம். புல்லட் என்று சொன்னால் தமிழ்க் காதில் துப்பாக்கி வருவதில்லை. துப்பாக்கிக்கு நம்மிடம் குண்டு இருக்கிறது, தோட்டா இருக்கிறது, ரவை இருக்கிறது. ஆகவே அந்த ஆங்கிலச் சொல் இங்கே வேலையில்லாமல் வந்து இறங்கியது. மோட்டார்சைக்கிள் அதை முழுசாக எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அந்தப் பெயர் வேகத்தைச் சொன்னது. நம் ஊரில் புல்லட்டிடம் யாரும் வேகத்தை எதிர்பார்ப்பதில்லை. எடை, நிதானம், தூரத்திலேயே ஆளைச் சொல்லிவிடும் அந்த டப்-டப் சத்தம். ஊர்ப் பெரியவர், இன்ஸ்பெக்டர், பால்காரர், மிலிட்டரியிலிருந்து வந்தவர். ராயபுரத்தில் பழைய வண்டி பார்க்கும் ஒரு மெக்கானிக், "ஆம்பியர் முள்ளை நடுவில நிறுத்தி, டீகம்ப்ரசரை அமுக்கி, ஒரே உதை, அவசரப்பட்டா காலைத் திருப்பி அடிச்சிடும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். துப்பாக்கிக் குண்டின் பெயர் கொண்ட வண்டி முதலில் கற்றுக்கொடுப்பது பொறுமையை.

அந்த ஆலையின் மற்றப் பெயர்களில் எல்லாம் ஒரே சுவை இல்லை. குருசேடர் சிலுவைப்போர் வீரன். இங்கே அது வெறும் ஒலி. டீசல் எஞ்சின் வைத்த வண்டிக்கு இவர்களும் டாரஸ் என்றே வைத்தார்கள். அதனால் திருவொற்றியூரில் ஒரு காளையும் எண்ணூரில் ஒரு காளையும். ரிஷப வாகனத்தில் சுவாமி புறப்படும் ஊரில் இதைத் தற்செயல் என்று விட எனக்கு மனமில்லை, ஆனால் தற்செயல்தான். தண்டர்பேர்ட் வட அமெரிக்கப் பழங்குடிகளின் இடிப்பறவை, மச்சிஸ்மோ ஸ்பானிய மொழியின் ஆண்மிடுக்கு. 2016இல் ஹிமாலயன் வந்தது. ஷெர்பா என்று முன்பே ஒரு சிறு வண்டி இருந்தது. கடற்கரையில் வளர்ந்த கம்பெனி தன் பெயர்களை உள்நாட்டில் தேடத் தொடங்கியபோது போய் நின்ற இடம் பனிமலை. கடலும் கட்டுமரமும் காசிமேடும் அந்தப் பட்டியலில் இன்றுவரை இடம்பெறவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

நகரத்தின் மறுகோடியில், வண்டலூர்ப் பக்கம், எண்ணூர் தொடங்கிய அதே 1948இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தொடங்கியது. அதன் பெயர்கள் போர்க்களத்தைச் சேர்ந்தவை. வான்கார்ட் முன்னணிப் படை, பழந்தமிழில் தூசிப்படை. பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல் பெயரை ஒட்டி வைத்தது. 1961இல் வந்த ஹெரால்ட் அரசனுக்கு முன்னால் அறிவித்துச் செல்பவன். நம் கூத்தின் கட்டியங்காரன். அம்பாசடர் தூதர், வங்காளத்து ஆலையில் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலக் காரிலிருந்து பிறந்தது. பம்பாய் ஃபியட் 1970களில் பத்மினி ஆனது, ராஜபுத்திர ராணியை நினைத்து. தமிழ்நாட்டில் பத்மினி என்றால் முதலில் யார் முகம் வரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கம்பெனிகள் வைத்த பெயர்கள் இவை. தெரு வைத்த பெயர்களும் உண்டு, அவற்றை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. சொந்தக் காரைக் கிராமத்தில் 'பிளசர்' என்பார்கள். பிளஷர் கார், சரக்குக்கல்லாமல் உல்லாசத்துக்கான வண்டி. இன்று அகராதியில் இருக்கும் மகிழுந்து என்ற சொல்லில் அந்தப் பழைய பிளசரின் சாயல் எனக்குத் தெரிகிறது. 2005இல் டாடா ஒரு குட்டிச் சரக்கு வண்டிக்குச் சீட்டுக்கட்டின் ஆசு என்று பெயர் வைத்தது. சந்தை அதைக் குட்டியானை என்று அழைத்தது, முடிந்தது விஷயம். அசோக் லேலண்ட் 2011இல் அதற்குப் போட்டியாக இறக்கிய வண்டிக்கு தோஸ்த் என்று பெயர். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கும் இந்திக்கும் வந்த சொல், வடக்கத்திச் சந்தையை மனத்தில் வைத்தது. ஆனால் தோஸ்த்து, நாஷ்டா, பேஜார் எல்லாம் மெட்ராஸ் பாஷையின் சொத்து. ராயபுரத்து ஆட்டோ ஸ்டாண்டில் அந்தப் பெயரை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மீன்பாடி வண்டி. காசிமேட்டில் கரையேறும் மீனை ஐஸ் பெட்டியோடு ஏற்றி ஓடும் மூன்று சக்கர வண்டி. முதலில் மிதித்தார்கள், பின்னால் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டினார்கள். லாரிக்குப் பாடி கட்டுகிறோம் என்கிறோமே, அந்தப் பாடிதான். மீனுக்கான பாடி. எந்த விளம்பர நிறுவனமும் உட்கார்ந்து யோசிக்காத பெயர். செய்யும் வேலையும் சுமக்கும் சரக்கும் இரண்டு சொல்லில் அடங்கிவிட்டன. மீனவரான பேதுருவை ராயப்பர் என்று தமிழாக்கி, அவர் பெயரால் ஊரையே அழைத்தவர்கள் வாழும் பகுதியில் இந்தப் பெயர் பிறந்தது பொருத்தமே.

இப்போது இந்தக் கரையிலிருந்து பெயர்கள் வெளியே போகின்றன. 2001இல் திறக்கப்பட்டு 2014இல் காமராஜர் பெயர் சூட்டப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தில் ஒரகடத்து நிசான் கார்கள் வரிசையாகக் கப்பலேறின. அவற்றில் சன்னியின் பெயரை 1966இல் ஜப்பானிய மக்கள் தபாலில் எழுதி அனுப்பினார்கள். 80 லட்சத்துக்கும் மேல் வந்தன. டாட்சன் அதைவிடச் சுவை: டென், அவோயாமா, தகேஉச்சி என்ற மூவரின் முதலெழுத்து டாட். அதன் பிள்ளை என்ற பொருளில் ஆங்கில 'சன்' சேர்த்தார்கள். ஜப்பானிய மொழியில் அந்த ஒலிக்கு நஷ்டம் என்றும் பொருள் வரவே, எழுத்தை மாற்றிச் சூரியன் ஆக்கினார்கள். பிள்ளையின் பெயர் நஷ்டமாகிவிடக்கூடாது என்ற அந்தப் பதற்றம் எந்தத் தகப்பனுக்கும் புரியும்.

எண்ணூர் ஆலை வாசலில் முன்பெல்லாம் அடிக்கடி பார்த்த காட்சி ஒன்று. கூண்டில்லாத வெறும் சேசிஸ், அதன் மேல் ஒரு சீட்டு, தலையில் துண்டும் கண்ணில் கண்ணாடியும் கட்டிய டிரைவர். அந்த எலும்புக்கூட்டை ஓட்டிக்கொண்டு நாமக்கல்லுக்கும் கரூருக்கும் பாடி கட்டப் போவார். அங்கே மரமும் தகடும் ஏறும், அப்புறம் பெயிண்டர் வருவார். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் லாரிகளின் வரிசையில் எண்ணூர் விரைவுச்சாலையில் நடந்தால் அந்தப் பெயிண்டரின் கையெழுத்தைப் படிக்கலாம். முன்கண்ணாடிக்கு மேலே குலதெய்வம், கீழே உரிமையாளரின் பிள்ளைகளின் பெயர்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, மஞ்சளிலும் சிவப்பிலும். அதற்கும் கீழே, ரேடியேட்டர் கிரில்லுக்கு நடுவில், ஆலையிலிருந்தே வந்த உலோக எழுத்துகளில் இன்னொரு பிள்ளையின் பெயர்: அசோக்.